மறதிக்கு மூக்கில் இன்சுலின் விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயாளிகளின் மறதிக்கு மூக்கில் இன்சுலின் சொட்டு விட்டால் போதும் என்ற பேச்சு கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் பரவுகிறது. தயவுசெய்து யாரும் குப்பி மருந்தை மூக்கில் விட வேண்டாம். அமெரிக்காவில் மறதி உள்ள 289 பேரிடம் இதைச் சோதித்தார்கள். தனிக் கருவி வழியாக ஒரு பிரிவுக்குத் தினமும் 40 யூனிட் இன்சுலின், மற்றவர்களுக்குப் போலி மருந்து. 12 மாதம் கழித்தும் ஞாபகத்தில் வித்தியாசம் இல்லை. முடிவு 2020-இல் வெளியானது. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் செமாகுளூடைடு மாத்திரையும் ஆரம்பநிலை அல்சைமர் என்ற மறதி நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை என்று 2025-இல் தெரிந்துவிட்டது.

மறதிக்குப் புது ஹார்மோன் தேடுமுன், தினம் போடும் இன்சுலின் சரியான அளவில்தான் ஏறுகிறதா என்று பாருங்கள். குப்பியில் 40 (ஒரு மில்லியில் 40 யூனிட்) என்றிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 என்றிருந்தால் ஆரஞ்சு மூடி. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அது அரை மில்லி; உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, கண் மங்கிய பெரியவர் தானே ஊசி போடும் வீடுகளில் இது எளிதாக நடக்கும். போட்டது மறந்து மறுபடி போடுவதும், போட்டுவிட்டுச் சாப்பிட மறப்பதும் உண்டு. நாள்காட்டித் தாளில் ஊசி போட்டதும் ஒரு கோடு கிழிக்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலே கவனம் தேவை; இன்னும் இறங்கினால் பேச்சு குழறலாம், ஆள் அடையாளம் தெரியாமல் போகலாம். வீட்டார் அதை வயசுக் கோளாறு என்பார்கள். நம் கடற்கரைப் புழுக்கத்தில் ராத்திரி வியர்த்துத் தலையணை நனைந்தாலும், சர்க்கரை இறங்கியதாக யாரும் சந்தேகப்படுவதில்லை. காலையில் தலைவலியும் குழப்பமும் சேர்ந்திருந்தால், மறுநாள் இரவு 3 மணிக்கு விரலில் குத்திப் பாருங்கள். குறைந்திருந்தால் 3 டீஸ்பூன் சீனியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். கருப்பட்டி உடைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையும் முதியவர்களுக்குச் சர்க்கரையை நெடுநேரம் தாழ்த்தி வைக்கும். அதை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல வருடம் மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அதுவும் மறதி தரும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் அப்படியே. இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு, குறைந்தது தெரிந்தால் மருந்தும் உண்டு. மறதி வந்துவிட்ட பெரியவருக்கு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.5 என்று பிடிவாதம் வேண்டாம், 8-க்குள் இருந்தாலே போதும். நோன்பு வைக்கிறவர்கள் ரமலானுக்கு முன்பே ஊசி அளவை மாற்றி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
செவிலியர்கள் இருவர்,
கீழக்கரை.