கார்போபிளாட்டின் அளவு ஏன் குறைந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

புற்றுநோய்ப் பிரிவில் கீமோ மருந்து கலந்து கொடுக்கும் மருந்தாளுநர் நான். "போன தடவை 445 மில்லிகிராம், இப்போ 340தான் போட்டிருக்கு. அம்மாவைக் கைவிட்டுட்டாங்களா சார்?" என்று கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தைப் பற்றிக் கேட்கும் மகன்களையும் மகள்களையும் அடிக்கடி பார்க்கிறேன். கவுன்டரில் நின்றபடி ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப மனம் வருவதில்லை.

கீமோ மருந்துகள் பலவற்றுக்கு உயரம், எடையைக் கொண்டு உடல் பரப்பைக் கணக்கிட்டு அளவு எழுதுவார்கள், சிஸ்பிளாட்டினும் அப்படித்தான். கார்போபிளாட்டின் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். அதனால் சிறுநீரகம் வடிகட்டும் வேகமே அதன் அளவைத் தீர்மானிக்கிறது. அந்த வேகத்தோடு 25-ஐக் கூட்டி, ஏயூசி (உடலுக்குக் கிடைக்க வேண்டிய மருந்தின் மொத்த வீரியம்) என்ற இலக்கு எண்ணால் பெருக்க வேண்டும். கால்வர்ட் குழுவினர் 1989-இல் வெளியிட்ட கணக்கு இது.

அறுபது வயது, 54 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணிக்குக் கிரியாட்டினின் (தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு, ரத்தத்தில் பார்ப்பது) 0.8 என்றால் வேகம் நிமிடத்துக்கு 64 மில்லி. இலக்கு 5-க்கு 445 மில்லிகிராம் வரும். கிரியாட்டினின் 1.2 ஆனால் வேகம் 42-43தான், அளவும் 340-க்கு இறங்கும். இரண்டு தடவையும் உடலுக்குக் கிடைக்கும் வீரியம் ஒன்றே. பழைய 445-ஐயே ஏற்றினால் ஏயூசி 5-இல் நிற்காமல் ஆறரையைத் தாண்டிவிடும். மூன்றாம் வார வாக்கில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஆபத்தான அளவுக்குச் சரியலாம்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது மெலிந்துபோன நோயாளிகளின் ரிப்போர்ட். கிரியாட்டினின் 0.4 என்றதும் வீட்டார் மகிழ்கிறார்கள். தசை கரைந்ததால் வந்த எண்ணாகவும் அது இருக்கலாம். அப்படியே கணக்கில் போட்டால் மருந்து எகிறும். அதனால்தான் பல இடங்களில் கிரியாட்டினினை 0.7-க்குக் கீழே கணக்கில் எடுப்பதில்லை. வேகத்தையும் 125-க்கு மேல் ஏற்றுவதில்லை.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். போன மாத ரிப்போர்ட் போதாது, புதியதைக் கொண்டுவாருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், வலி மாத்திரை எடுத்தாலும் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

டாக்டர்கள் 'போன சைக்கிள் அளவே தொடரவும்' என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். அன்றைய எடை, கிரியாட்டினின், இலக்கு எண் மூன்றும் மில்லிகிராமுக்குப் பக்கத்திலேயே இருந்தால், குப்பியைத் திறக்கும் முன் நாங்களும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவமனை மருந்தாளுநர்