ஆச்சி பேசட்டும், படம் அசைய வேண்டாம்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் பூட்டியின், அதாவது ஆச்சியைப் பெற்ற அம்மாவின், போட்டோவை அசையும் வீடியோவாக்கி நீ குடும்ப குரூப்பில் போட்டதிலிருந்து என் போன் ஓயவில்லை. புனேயிலிருந்து உன் பெரியம்மா அழுதுகொண்டே பேசினாள். வருஷக்கணக்கில் யாரும் திறக்காத டிரங்குப் பெட்டியைத் தேட வைத்துவிட்டாய். அதற்கே உனக்கு நன்றி சொல்ல வேண்டும். பொங்கலுக்குள் நம்ம வீட்டுப் பழைய படங்களை வைத்து ஒரு குறும்படம் செய்யப்போவதாக எழுதியிருந்தாய். இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான். இதே ஆசையோடு இருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

உன் வீடியோவை ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தாள். "எங்கம்மா தலையத் திருப்புனா பாம்படம்லா மொதல்ல ஆடும். இவளுக்கு ஆடவே இல்லையே. யாருல இது?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம்தான் நானும் கவனித்தேன். பூட்டி இடது பக்கம் முகத்தைத் திருப்பும்போது காதில் தொங்குகிற பாம்படம் அப்படியே கழுத்தோடு கரைந்து போகிறது. தோள் வரை தொங்குகிற அந்தத் தொள்ளைக்காது, அடுத்த நொடியில் சாதாரணக் காதாகிவிடுகிறது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்த ஒரு மனுஷியின் பாதி அடையாளம் அந்தக் காதில் இருந்தது. 2021-ல் மைஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய படத்து முகங்களை அசைய வைக்கிற டீப் நாஸ்டால்ஜியா என்ற வசதியைக் கொண்டுவந்தபோது உலகம் முழுக்கப் பேசினார்கள், உனக்கும் ஞாபகம் இருக்கும். அந்த முறையில், வேறு யாரோ தலையைத் திருப்பியதை, கண் சிமிட்டியதை முன்கூட்டியே வீடியோ எடுத்து வைத்திருப்பார்கள். அந்த அசைவைத்தான் நம்ம வீட்டு முகத்தின்மேல் ஏற்றுவார்கள். இறந்தவர்களைப் பேச வைக்கும் வசதியை அப்போது அவர்களே வேண்டுமென்று சேர்க்காமல் விட்டார்கள். இப்போது வருகிற ஆப்கள் அசைவைத் தாங்களே உண்டாக்குகின்றன. எப்படிச் செய்தாலும் அந்தச் சிரிப்பு பூட்டி சிரித்தது இல்லை. நாளைக்கு உன் பிள்ளைகள் அதைப் பார்த்து, "எங்க பூட்டி இப்படித்தான் சிரிப்பாளாம்" என்று நம்பிவிடும். எனக்கு அந்தக் கவலைதான் பெரிசு.

ஆகவே மருமகனே, மற்ற படங்களையும் அசைத்துப் பார்க்கட்டுமா என்று நீ கேட்டதற்கு என் பதில், வேண்டாம். படங்கள் அசையாமலே இருக்கட்டும். படத்துக்கு உயிர் கொடுக்க ஆச்சியின் குரல் இருக்கிறது. அவளுக்கு 83 வயது. இன்றைக்கும் பெயர் பெயராகச் சொல்கிறாள்.

எடிட்டிங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் குரலைப் பதிவு செய். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று படத்துக்கு மேல் காட்டாதே. ஒவ்வொன்றாகக் கையில் கொடு. "இது யாரு, அது யாரு" என்று அடுக்கினால் ஆச்சி பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவாள். பெயர்கள் முடிந்த பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் படத்தையே பார்ப்பாள். அப்போது ரெக்கார்டிங்கை நிறுத்திவிடாதே, நீயும் பேசாதே. அதற்குப் பிறகு வருவதுதான் கதை. "சந்தோஷமா இருந்தீங்களா" என்று கேட்டால் "ஆமா"வோடு முடிந்துவிடும். இந்தச் சேலை யார் எடுத்துக் கொடுத்தது, அன்றைக்கு என்ன சமையல், அன்றைக்கு யார் வரவில்லை என்று கேள். கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று, படம் எடுத்தது யார்?

நம்ம ஆல்பத்தில் தாத்தா ஏன் இல்லை என்று நீ கேட்டாய் அல்லவா? கேமரா அவர் கையில் இருந்ததால்தான். பரேல் மில்லில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் அக்ஃபா கிளிக் த்ரீ என்ற கேமராவை வாங்கியிருந்தார். 120 ஃபிலிம், ஒரு ரோலுக்கு 12 படம். பார்த்துப் பார்த்துத்தான் அமுக்குவார். பின்னால் "ஜூஹூ 1976" என்று அவர் கையெழுத்தில் எழுதிய படத்தை எடுத்துப் பார். கடற்கரைக்குப் போன படத்தில் கடலே இல்லை. பின்னால் தென்னை மரங்கள்தான் தெரியும். வெயில் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பாடம். சாயங்காலச் சூரியன் கடல் பக்கம் இறங்குவதால் தாத்தா கடலுக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறார். நாங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரிசையாக நிற்கிறோம், உன் அம்மாவுக்கு அப்போது இரண்டு வயது. படத்தின் கீழ் ஓரத்திலிருந்து ஒரு நிழல் மணலில் நீண்டு அவள் காலடி வரை வந்திருக்கிறது. இரண்டு முழங்கையும் மடங்கி, முகத்தருகே கேமரா பிடித்த நிழல். தாத்தாதான் அது. இந்தப் படத்துக்கு முழுசாக அரை நிமிஷம் கொடு. எங்கள் முகங்களில் தொடங்கி மெதுவாக நிழலுக்கு இறங்கு. உன் எடிட்டிங் ஆப்பில் அசையாத படத்தின்மேல் மெதுவாக நகர்ந்து காட்டுகிற கென் பர்ன்ஸ் எஃபெக்ட் என்று இருக்குமே, அதுவே போதும். மற்ற படங்களுக்கு ஆறேழு விநாடி தாராளம். நாற்பது படம் எடுத்தால் ஐந்து நிமிஷம் சரியாக வரும்.

ஆல்பத்தில் ஒரு வெற்றிடமும் இருக்கிறது. 1982 ஜனவரி 18-ல் பம்பாய் மில் ஸ்ட்ரைக் தொடங்கியது. தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் 2.5 லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். அதை முடித்துக்கொள்வதாக யாரும் முறைப்படி அறிவிக்கவே இல்லை. எத்தனையோ பேருக்குப் போன வேலை திரும்பக் கிடைக்கவில்லை, தாத்தா அதில் ஒருவர். கேமரா அடகுக்கடைக்குப் போனது, மீட்கவில்லை. மறுபடி ஆல்பம் தொடங்குவது 1987-ல், உன் பெரியம்மா கல்யாணத்தில். இடையில் ஒரு படமும் கிடையாது. அந்த வருஷங்களில் ஆச்சி இட்லி அவித்து விற்றுத்தான் எங்களைக் காப்பாற்றினாள். அந்த இடத்தை இணையத்தில் கிடைக்கிற மில் படங்களை வைத்து நிரப்பாதே. திரையைக் கறுப்பாகவே விட்டு ஆச்சியைப் பேச விடு.

பின்னணியில் சினிமாப் பாட்டு போடாதே. பாட்டு வந்தால் ஜனங்கள் நினைப்பு அந்தப் படத்துக்குப் போய்விடும். யூடியூபில் ஏற்றினால் உரிமைப் பிரச்சினையும் வரும். ஃபேன் சத்தம் மட்டும் குரலைக் கெடுக்கும், அதை நிறுத்து, போனை ஏரோப்ளேன் மோடில் போடு. அடுத்த வீட்டுத் தையல் மிஷினும் குக்கர் விசிலும் கேட்டால் கேட்கட்டும். யாரும் பேசாதபோது நம்ம சந்தின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிஷம் தனியாக எடுத்து வை. வெட்டி ஒட்டுகிற இடத்தில் அடியில் போட உதவும். வேறொரு காரணமும் உண்டு. தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024-ல் தொடங்கியது, வீடு வீடாக நம்பர் எழுதினார்கள். இந்தச் சந்து இதே சத்தத்தோடு எத்தனை நாள் இருக்கும்?

ஸ்கேன் விஷயம். கிளிக் த்ரீ படங்கள் 6 செ.மீ. சதுரம். 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், எடுத்தால் ஒரு பக்கத்துக்கு 1,400 பிக்சல்தான் வரும், எச்டி திரைக்கு அகலத்தில் 1,920 வேண்டும். அதனால் 1,200-ல் எடு. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய், தாத்தா கையெழுத்தும் ஸ்டுடியோ முத்திரையும் அங்கேதான் இருக்கின்றன. யாருக்காவது அனுப்பினால் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பு. 2005 ஜூலை 26 மழையில், சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டிய அன்று, கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. பூட்டியின் ஃபிரேம் போட்ட படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான். அதைப் பிரிக்க முயலாதே, முகம் உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய். ஒன்றோடொன்று ஒட்டிய படங்களையும் இழுக்க வேண்டாம், விவரம் தெரிந்தவரிடம் கொடுக்கலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பி வா. பதினொரு மணி வரைதான் ஆச்சி தெளிவாகப் பேசுவாள், சாப்பிட்டால் தூங்கிவிடுவாள். சயானில் இறங்கியதும் போன் பண்ணு. ஸ்கேனருக்கு என் நண்பரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஹெட்போனும் இரண்டு பென்டிரைவும் எடுத்து வா. ஒன்று இங்கே இருக்கட்டும், ஒன்று புனேக்குப் போகட்டும்.

அன்புடன்,
உன் மாமா
தாராவி, மும்பை