தெருவுக்குள்ளேயே ஓர் ஆள்

ராயபுரம்,
ஆவணி மாதம்

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் வந்தது. பேத்தி பிறந்த சேதியை உரக்கப் படித்ததுமே உன் தங்கச்சி பாயசத்துக்குப் பால் வைத்துவிட்டாள். குழந்தையும் தாயும் நலமாக இருக்கட்டும். உனக்கு மூட்டுவலி குறைந்தது பற்றியும் சந்தோஷம். இங்கே எனக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது.

நாகை அக்கரைப்பேட்டைப் பிள்ளைகளுக்கு ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கிய தனி ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோ) வகுப்பு தொடங்கப் போவதாக எழுதியிருந்தாய். என்ன செட் வாங்கலாம், எந்தப் பாடத்தில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். செட் கிடக்கட்டும், அது பிறகு. யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறாய் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். வடசென்னையில் நாங்கள் செய்துவரும் காரியத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்திருப்பது அது ஒன்றுதான்.

2015 டிசம்பர் 1 உனக்கு மறந்திருக்காது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. கரண்ட் போனது, செல்போன் கோபுரங்களின் பேட்டரி சில மணி நேரம் தாங்கியது, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகச் சாலை இல்லை. நகரம் ஊமையாகிவிட்டது. நம் ஹாம் நண்பர்கள் ராத்திரி பகலாக வேலை பார்த்தார்கள். ஆனால் கணேசபுரம் சுரங்கப்பாதை நிறைந்துவிட்டால் புரசைவாக்கத்துக்காரர் வியாசர்பாடிக்குள் வர முடியாது. பூண்டி ஏரியைத் திறந்துவிட்டு கொசஸ்தலையாறு பொங்கினால் சடையங்குப்பமும் மணலி புதுநகரும் தீவாகிவிடும். 2021 நவம்பரிலும் அப்படித்தான் ஆனது. வெளியிலிருந்து போகிற ஆபரேட்டர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் வெள்ளத்தின் இந்தக் கரையில்தான் நிற்பார். தண்ணீர் முதலில் ஏறுகிற தெருவில் குடியிருப்பவரே ஆபரேட்டராக வேண்டும். அவர் எங்கும் போக வேண்டியதில்லை, மொட்டை மாடிக்கு ஏறினால் போதும்.

அதனால் எங்கள் வகுப்புக்கு இன்ஜினியரிங் கல்லூரிகளில் ஆள் தேடுவதை விட்டுவிட்டோம். கொருக்குப்பேட்டைக் கால்வாய் ஓரம், எர்ணாவூர், சடையங்குப்பம், காசிமேடு என்று வீடு வீடாகக் கேட்டுப் போனோம். மகளிர் குழுப் பெண்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், பன்னிரண்டாவது படிக்கும் பையன்கள், காசிமேட்டில் மீன் ஏலத்தில் நிற்கும் ஒரு பெண் என்று கலவையாக வந்தார்கள். அந்த ஏலப் பெண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இரைச்சலுக்கு நடுவே நாலு பேர் நாலு தொகை சொல்வார்கள். அத்தனையும் அவள் காதில் தனித்தனியாக விழும். அலைவரிசையில் கரகரவென்று வரும் குரலிலிருந்து எண்களைப் பிடித்து எழுதுவதில் எங்களில் பழைய லைசென்ஸ்காரர்களையே தாண்டிவிட்டாள். இப்படிப்பட்ட காதுகள் நாகையிலும் இருக்கும். மீன் இறங்குதளத்துக்குப் போய்த் தேடு.

இன்னொரு வகை ஆட்களும் உன் ஊரில் உண்டு: படகில் வி.எச்.எப். செட் (கிட்டத்தட்ட கண்ணுக்கெட்டும் தூரம் வரை பேசும் ரேடியோ) பிடித்துப் பழகிய பெரியவர்கள். ஆபத்து அழைப்புக்கான பதினாறாம் சேனலில் வெட்டிப்பேச்சு கூடாது என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் கடல் சேனல்கள் வேறு, நமக்குத் தந்திருக்கும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வேறு என்பதை மட்டும் ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடு. 2017 ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குக் கரையிலிருந்து சேதி எட்டவில்லை. அந்த வேதனை அவர்கள் நெஞ்சில் இன்னும் இருக்கிறது. ரேடியோ எவ்வளவு தூரம் போகும், ஏன் அதற்கு மேல் போகாது என்று நீ விளக்கும்போது அவர்களைப்போல வேறு யாரும் உற்றுக் கேட்க மாட்டார்கள்.

போன்தான் எல்லார் கையிலும் இருக்கிறதே, இது எதற்கு என்று உன்னிடமும் கேட்பார்கள். நான் அவர்களுக்கு எண்ணூரைத்தான் சொல்வேன். 2023 டிசம்பர் 26, சுனாமி நினைவு நாள். அன்று நள்ளிரவு பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். அன்று போன் வேலை செய்தது. வாயு எங்கிருந்து வருகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்தவருக்குப் போன் போட்டால் சேதி ஆளுக்கு ஒன்றாகத் திரிந்துவிடும். பலர் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்திருக்கும் ரேடியோ நெட்டில் ஒருவர் சொல்வதை எல்லாரும் அதே நொடியில் கேட்கிறார்கள். தவறாக இருந்தால் அங்கேயே இன்னொருவர் திருத்துகிறார். அந்த ராத்திரி தெருவுக்கு ஒருவர் காற்றுத் திசையை மட்டும் சொல்லியிருந்தால் போதும், காற்றுக்குக் குறுக்கே விலகிப்போகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அதை நினைத்தால் இன்னமும் ஆறவில்லை, மச்சான். அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் முகத்துவாரமெல்லாம் படிந்து, வலையும் படகும் கறுத்துப்போய் அந்த ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

பயிற்சி எப்படி என்று கேட்டாய். முதல் சில வகுப்புகளில் செட்டே கிடையாது. இருவரை முதுகோடு முதுகாக உட்கார வைக்கிறோம். ஒருவர் கையில் ஒரு நிலைமைக் குறிப்பு. மற்றவர் கையில் பேனாவும் படிவமும். யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்த இடம், எத்தனை பேர், என்ன தேவை. சொல்பவர் துண்டு துண்டாகச் சொல்ல வேண்டும், எழுதுபவர் முழுவதையும் திருப்பிப் படிக்க வேண்டும். திருப்பிப் படித்து, 'சரி' என்று பதில் வராதவரை அந்தச் சேதி போய்ச் சேரவில்லை என்பது எங்கள் சட்டம். பதறிப்போய் 'நிறைய பேர் மாட்டியிருக்காங்க, சீக்கிரம் வாங்க' என்பதையே எல்லாரும் முதலில் சொல்கிறார்கள். அதை 'நிறைமாத கர்ப்பிணி ஒருவர், முதல் மாடி, படகு தேவை' என்று சுருக்க வைப்பதற்குள் நமக்குத் தொண்டை வறண்டுவிடும். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வைக்கிறோம். எழுபத்தெட்டு என்று சொல்லக் கூடாது, ஏழு, எட்டு.

முகவரியில்தான் எங்களுக்குப் பெரிய பாடு. சென்னையில் ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. எம்.கே.பி. நகரில் மேற்குக் குறுக்குத் தெரு, கிழக்குக் குறுக்குத் தெரு என்று ஒரே எண்ணில் பல தெருக்கள். பழைய எண்ணைச் சொல்லிப் புதிய எண்ணுக்குப் படகு போனால் அரை மணி நேரம் வீண். இரண்டு எண்ணையும் சொல்லி, பக்கத்தில் இருக்கும் கோயிலையோ ரேஷன் கடையையோ சேர்த்துச் சொல்வதைக் கட்டாயமாக்கியிருக்கிறோம். ஒவ்வொரு பயிற்சியாளரும் தன் தெருவில் படுத்த படுக்கையாக இருப்பவர், டயாலிசிஸுக்குப் போகிறவர், தனியாக இருக்கும் முதியவர் யார் யார் என்று அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதிவைக்கிறார். மழை வந்த பிறகு தேடினால் கிடைக்காது. என்னைக் கேட்டால் பயிற்சியின் பாதி அந்த நோட்டில்தான் இருக்கிறது.

சேதியை வாங்கிக்கொள்ள மறுமுனையில் ஆள் வேண்டும், இதையும் மறந்துவிடாதே. நாங்கள் திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டல அலுவலகங்களின் பக்கத்தில் வசிக்கும் லைசென்ஸ்காரர்களைத் தேடிப் பிடித்திருக்கிறோம். நெட்டை நடத்துபவர், அதாவது நெட் கன்ட்ரோல், வாங்கும் சேதி அவர்கள் கையால் எழுத்தில் அதிகாரியிடம் போகும். மாநகராட்சியின் 1913-க்கும் பேரிடர் உதவி எண் 1077-க்கும் லைன் கிடைக்காத நேரத்துக்கான வழி இது.

லைசென்ஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதே. ஆன்லைனில் மலிவாக வாக்கி-டாக்கி கிடைக்கிறதே என்று பையன்கள் ஆசைப்படுவார்கள். லைசென்ஸ் கைக்கு வரும்வரை யாரும் பி.டி.டி. பட்டனை (பேசுவதற்கு அழுத்தும் பட்டனை) தொடக் கூடாது, சொந்தமாகச் செட் வாங்கவும் கூடாது. கேட்கட்டும், எழுதட்டும். 12 வயது நிறைந்தவர் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற ஆரம்ப நிலை லைசென்ஸுக்கு மோர்ஸ் (புள்ளி-கோடு தந்தி முறை) தேவையில்லை, அதிலேயே தொடங்கு. ஆனால் கேள்வித்தாள் தமிழில் இல்லை. மீன் ஏலத்தில் அத்தனை எண்ணையும் மனத்தில் வைத்திருப்பவள் 'ரெசிஸ்டன்ஸ்' என்ற சொல்லைப் பார்த்துத் தயங்குகிறாள். இது பெரிய அநியாயமாகப் படுகிறது எனக்கு. கேள்விகளை ஆங்கிலத்திலேயே வைத்து, விளக்கத்தைத் தமிழில் எழுதி நோட்டு தயாரித்துவருகிறேன். மின்சாரப் பகுதி முடிந்துவிட்டது. விதிமுறைப் பகுதியை நீ எழுதித் தந்தால் இரண்டு ஊருக்கும் ஆகும்.

வகுப்பில் சோர்வு தட்டும்போது 1924 கதையைச் சொல்வேன். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சென்னை மாகாண ரேடியோ கிளப் என்று ஒன்றைத் தொடங்கி, அந்த ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பினார்கள். அரசாங்க நிலையம் வருவதற்கு முன்பே, ஆர்வம் ஒன்றை மட்டும் முதலாக வைத்துச் செய்த வேலை. நீ போர்ட் பிளேர் கதையைச் சொல். 2004-இல் பாரதி பிரசாத் அங்கே ஹாம் நிலையம் போட்டு உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் சுனாமி வந்தது. அந்த நிலையமே தீவுகளுக்கும் நிலப்பரப்புக்கும் நடுவே சேதிப் பாலமாக நின்றது. நாகைப் பிள்ளைகளுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படாது.

இப்போது செட். 5 வாட் ஹேண்டி (கையில் பிடிக்கும் செட்) போதும். தெருவில் நின்றால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் போவதே கஷ்டம். மாடி ஏறினால் நிலைமை மாறும். கூடவே வரும் ரப்பர் ஆன்டெனாவை நம்பாதே. ரிச்சி தெருவில் ஒரு சாக்கெட் வாங்கி, அரை மீட்டர் வெல்டிங் ராடு ஒன்றை மேல்நோக்கியும் நான்கைக் கீழ்ச்சரிவாகவும் பற்றவைத்தால் கால் அலை ஆன்டெனா தயார். ரிப்பீட்டர் (சேதியை வாங்கித் திருப்பித் தொலைதூரம் அனுப்பும் நிலையம்) இருக்கிறது என்று அதையே பிடித்துப் பழக்காதே. அதற்கும் கரண்ட் வேண்டும். சிம்ப்ளெக்ஸில், அதாவது செட்டிலிருந்து செட்டுக்கு நேராக, கைமாற்றிக் கைமாற்றிச் சேதி அனுப்பப் பழக்கு. சடையங்குப்பம் சொல்வதை மணலி வாங்கி, திருவொற்றியூர் வாங்கி, தண்டையார்பேட்டைக்குத் தருவதுதான் எங்கள் ஒத்திகை.

இது எல்லாம் ஊருக்குள். நம் இரண்டு ஊருக்கும் நடுவே நேர்க்கோட்டில் சுமார் 260 கிலோமீட்டர், வி.எச்.எப். எட்டாது. அதற்கு 7 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் கம்பியைத் தாழ்வாகக் கட்டினால் அலை நேரே மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு நம் தலைமேலேயே இறங்கும், நாகை, கடலூர், சென்னை எல்லாம் அதற்குள் அடங்கும். ராத்திரியில் அது நம்மைத் தாண்டித் தூரமாகப் போய்விடுவதால் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும், கம்பி இரண்டு மடங்கு வேண்டும். எண்ணூரிலும் நாகையிலும் ஒரே நாளில் கூண்டு ஏற்றுகிற புயல்கள் வருகின்றன. ஐப்பசிக்குள் இந்தத் தடத்தை நாம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்த ஞாயிறு முதல் காலை ஏழு மணிக்கு 7 மெகாஹெர்ட்ஸில் உனக்காகக் காத்திருப்பேன். நம் பழைய அதிர்வெண்தான், அங்கே வேறு யாராவது இருந்தால் 5 கிலோஹெர்ட்ஸ் மேலே பார். சுகம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் படிவத்தில் எழுதிய ஒரு சேதியை நீ அனுப்பு, என் மாணவர்கள் எழுதுவார்கள், நான் திருப்பிப் படிப்பேன். உன் மொட்டை மாடி எத்தனை மீட்டர் என்று அளந்து பதில் போடு. 20 மீட்டர் இல்லையென்றால் நடுவில் ஒரு கம்பம் நட்டு, இரு முனையையும் சரிவாக இறக்கிக் கட்டும் விதத்தைப் படம் போட்டு அனுப்புகிறேன்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு மச்சான்