இசபெல் கேட்டதில் என்ன தப்பு?

ஆசிரியருக்கு வணக்கம்.

1946-ல் வந்த ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ படத்தைப் பார்த்த வாசகர்களின் கருத்துகளை ஞாயிறு இணைப்பில் போட்டிருந்தீர்கள். பெரும்பாலானவர்கள் ஒரே குரலில் பேசியிருந்தார்கள். லாரி ஞானி, இசபெல் பேராசைக்காரி. ஒருவர் ஒருபடி மேலே போய், ‘இப்படிப்பட்ட பெண்களால்தான் ஆண்களின் ஆன்மிகம் கெடுகிறது’ என்று எழுதிவிட்டார். அதைப் படித்தபோது கையிலிருந்த காபி ஆறிப்போனது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் முப்பத்தோரு வருடம் அஞ்சல் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். இருப்பது திருவண்ணாமலையில். இந்தப் படத்தை என் அக்காவோடு உட்கார்ந்து பார்த்தேன். அக்காவுக்கு ஆங்கிலம் வராது. நான் ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அதனால் இரண்டரை மணி நேரப் படம் எங்களுக்கு மூன்று மாலை ஓடியது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: முதல் உலகப் போரில் நண்பன் தன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியதால் பிழைத்து வந்தவன் லாரி. சிகாகோவில் நல்ல வேலை தேடி வருகிறது, வேண்டாம் என்கிறான். நிச்சயிக்கப்பட்ட பெண் இசபெல்லிடம் அவகாசம் கேட்டுக்கொண்டு பாரிசுக்குப் போய்விடுகிறான். அங்கிருந்து பிறகு இந்தியா, குரு, மலையுச்சி. இசபெல் அவனைத் தேடி பாரிசுக்கே வருகிறாள். அவன் தங்கியிருக்கும் சின்ன அறையைப் பார்க்கிறாள். இந்த வருமானத்தில் எப்படிக் குடும்பம் நடத்துவது என்று கேட்கிறாள். அவனிடம் பதில் இல்லை. மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

அந்த இடத்தில் அக்கா ‘நிறுத்து’ என்றாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பொண்ணு சரியாத்தானே கேக்குறா? இதுக்கு ஏன் அவளை வில்லி மாதிரி காட்டுறாங்க?”

அக்கா கேட்டதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1983 ஆடி மாதம் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், ‘கிரிவலம் போய்ட்டு வரேன்’ என்று கிளம்பினார். பதினோரு மாதம் கழித்துத்தான் வந்தார். கிரிவலப் பாதை மொத்தம் பதினான்கு கிலோமீட்டர். இரண்டு பிள்ளைகள், மூன்று மாத வாடகை பாக்கி. அக்கா ஒரு தையல் மெஷினை வாடகைக்கு எடுத்துப் பாவாடை தைத்துப் பிழைத்தாள். மாமா தாடியோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தபோது அழவும் இல்லை, கத்தவும் இல்லை. காபி கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும், “ரேஷன் கார்டுக்கு உங்க கையெழுத்து வேணும்” என்று ஒரு தாளை நீட்டினாள். மாமா கடைசிவரை நல்லவராகவே இருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தப் பதினோரு மாதத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

இந்தப் படம் செய்யும் தந்திரம் ஒன்று இருக்கிறது. முதல் பாதியில் இசபெல் கேட்பது நியாயமான கேள்வி. அது பார்ப்பவர்கள் மனதில் தங்கிவிட்டால் லாரியின் ஒளி மங்கிவிடும் போலிருக்கிறது. ஆகவே இரண்டாம் பாதியில் அவள் கையில் ஒரு மது பாட்டிலைக் கொடுத்துவிடுகிறார்கள். கணவனையும் குழந்தையையும் விபத்தில் பறிகொடுத்துக் குடியில் விழுந்த சோஃபியை லாரி மீட்டுக் கல்யாணம் செய்துகொள்ள இருக்கிறான். இசபெல் அந்தப் பாட்டிலை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வேண்டுமென்றே வெளியே போகிறாள். கொடுமையான காரியம்தான், நான் மறுக்கவில்லை. சோஃபியாக வந்த ஆன் பாக்ஸ்டர் அந்தப் பாட்டிலைப் பார்க்கிற பார்வைக்காகவே ஆஸ்கர் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் பின்னால் செய்த பாவத்துக்காக, முன்னால் கேட்ட கேள்வி தப்பாகிவிடுமா? உங்கள் வாசகர்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

(இசபெல்லாக வந்த ஜீன் டியர்னியின் உடைகளைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லையே! அவற்றை வடிவமைத்தது அவருடைய கணவர் ஓலெக் கஸீனி. அந்தக் கறுப்பு கவுனின் வெட்டைப் பார்க்க அக்கா என்னைப் பின்னோக்கி ஓட்டச் சொன்னாள். தையற்காரி அல்லவா.)

இன்னொரு வாசகர், குரு வரும் காட்சி போலியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அது உண்மைதான். மேகம் தவழும் மலை, நீளமான உபதேசம். மூல நாவலை எழுதிய சாமர்செட் மாம் 1938-ல் எங்கள் ஊருக்கு வந்தவர். ரமணாசிரமத்தில் மயங்கி விழுந்தார். பகவான் ரமணரே அவர் படுத்திருந்த குடிலுக்கு வந்து, பேசாமல் எதிரே உட்கார்ந்திருந்தார். மாமுக்குச் சமாதி கூடிவிட்டது என்று பேச்சு பரவியது. மனுஷர் பிறகு எழுதிய கட்டுரையில், தனக்கு மயக்கம் வந்தது அது முதல் தடவையும் இல்லை, கடைசித் தடவையும் இல்லை என்று போட்டு உடைத்துவிட்டார். நாவலில் அவர் குருவைத் திருவிதாங்கூரில் கொண்டுபோய் வைத்தார். சினிமாக்காரர்கள் இன்னும் மேலே ஏற்றிவிட்டார்கள். நிஜத்தில் இங்கே இருப்பது வெயிலில் காயும் பாறைக் குன்று. அதன் அடிவாரத்தில் விடியற்காலையில் அடுக்களையில் உட்கார்ந்து காய் நறுக்கிய ஒரு மனிதர். அவர் இங்கே வந்து ஐம்பது வருடம் நிறைந்ததைக் கொண்டாடியது 1946 செப்டம்பரில். படம் வெளியானது அதே வருடம் நவம்பரில்.

அந்த மனிதரும் வீட்டை விட்டு ஓடிவந்தவர்தானே என்று யாராவது கேட்கலாம். ஓடிவந்தவர்தான். 1896-ல், பதினாறு வயதில், மதுரையிலிருந்து. அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்குக் கொடுத்த ஐந்து ரூபாயில் ரயிலுக்காக மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டார். மீதி இரண்டு ரூபாயைச் சீட்டோடு வைத்துவிட்டு வந்தார். யாரும் வருத்தப்பட வேண்டாம் என்று எழுதிய அந்தச் சீட்டிலேயே, உன் சம்பளம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். மணியார்டர் எண்ணிப் பழகிய எனக்கு அந்தக் கடைசி வரியில்தான் கண் கலங்கும். வீட்டைத் துறக்கும்போதுகூடக் கணக்கை நேர்செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

படத்தின் தலைப்பு கடோபநிஷத்திலிருந்து வந்தது. சவரக்கத்தியின் கூர்முனைமேல் நடப்பதுபோல் கடினமான பாதை என்று. வாசகர்கள் பலரும் அதைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். சரி, அந்த உபநிஷத்தில் நசிகேதன் யமனிடம் முதல் வரமாக என்ன கேட்டான்? ஆத்ம ஞானம் மூன்றாவதுதான். முதலாவது, தன் அப்பாவின் கோபம் தணிய வேண்டும், திரும்பிப் போகும்போது அவர் தன்னை அன்போடு ஏற்க வேண்டும் என்பது. எமலோகத்து வாசலில் மூன்று இரவு பட்டினி கிடந்தவனுக்கு முதலில் வீட்டு நினைப்புத்தான் வந்திருக்கிறது.

லாரியை நான் வெறுக்கவில்லை. லாரியாக வந்த டைரோன் பவர் மரம்போல் நிற்கிறார் என்று எழுதியவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. போரில் விமானியாக இருந்துவிட்டு வந்து அவர் நடித்த முதல் படம் இது. அந்த முகத்தில் ஒரு களைப்பு இருக்கிறது, எனக்கு அது நடிப்பாகத் தெரியவில்லை. லாரி, இசபெல் பிறகு கட்டிக்கொண்ட கணவனின் தீராத தலைவலியைக் குணப்படுத்துகிறான், சோஃபிக்காக அலைகிறான். தன்னால் முடிந்ததைத் திருப்பிக் கொடுக்கத்தான் பார்க்கிறான். குருவும் மலையிலேயே இருந்துவிடு என்று சொல்லவில்லை. மனிதர்களுக்கு நடுவே போய் வாழச் சொல்லி அனுப்பிவிடுகிறார். “இந்தச் சாமியாருக்குப் புத்தி இருக்கு” என்றாள் அக்கா.

கடைசிக் காட்சியில் லாரி ஒரு கப்பலில் கூலிவேலை செய்துகொண்டே அமெரிக்கா திரும்புகிறான். “அங்க போயி என்ன பண்ணப் போறான்?” என்று அக்கா கேட்டாள். நாவலில் டாக்சி ஓட்டப் போவதாகச் சொல்வான் என்றேன்.

“அப்போ வேலைக்குப் போறான்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்பில் பாலை வைத்தாள்.

பிரசுரிப்பதானால் என் பெயரைப் போட வேண்டாம். அக்காவும் உங்கள் நாளிதழ்தான் வாங்குகிறாள்.

– ஓய்வுபெற்ற அஞ்சல் எழுத்தர், திருவண்ணாமலை