ஃப்ளைட் ஏற முடியலைன்னா யார் காசு தருவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

லீவுல வெளியூர் போறவங்க கண்டிப்பா டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கணும்னு நம்ம பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன், நல்ல விஷயம்தான், ஆனா ஆட்டிசம் இருக்கிற பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறவங்களைப் பத்தி ஒரு வரிகூட இல்லை. காய்ச்சல்னு ஆஸ்பத்திரில சேர்த்தா கேன்சல் பண்ண காசு வரும், அதே பிள்ளை ஏர்போர்ட் கூட்டத்துலயும் சத்தத்துலயும் மிரண்டு போய் ஏற மாட்டேன்னு தரையில உக்காந்துட்டா பெரும்பாலும் ஒண்ணும் கிடைக்காது. எங்க அக்கா பையனுக்கு பாலிசி கேட்டப்போ ஏஜென்ட் ஆட்டிசத்தை ஏற்கெனவே இருக்கிற நோய்னு எழுதி பிரீமியத்தை ஏத்தினாரு, சரி அதனாலயே போக முடியலைன்னா கிளைம் வருமான்னு கேட்டா அது வராதும்மான்னுட்டாரு (ரெண்டு பக்கமும் அவங்களுக்கே லாபம்!).

மத்திய அரசோட நேஷனல் டிரஸ்ட், ஆட்டிசம் மாதிரி குறைபாடு இருக்கிறவங்களுக்காக நடத்துற நிராமயாங்கிற ஹெல்த் இன்சூரன்ஸ் திட்டத்துல மெடிக்கல் டெஸ்ட் எதுவும் கேக்காமலே வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும் வைத்தியச் செலவுக்குத் தர்றாங்க, ஆனா டிக்கெட், ரூம் காசுக்கெல்லாம் அது ஆகாது. டாக்டர் சர்டிஃபிகேட் காட்டினா கேன்சல் காசு திரும்ப வர்ற மாதிரி ஒரு பிரிவை, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற ஐஆர்டிஏஐ கட்டாயமாக்கணும். அதுவரைக்கும், பணம் திரும்பக் கிடைக்கிற டிக்கெட்டா பாத்துப் போடுங்கன்னாவது அடுத்த கட்டுரைல எழுதுங்க.

– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை, சென்னை - 81