மூன்றாம் வகுப்பிலேயே ரோபோ வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் ஒரு தமிழ்வழி எல்.பி. பள்ளியில் (நான்காம் வகுப்பு வரையுள்ள தொடக்கப் பள்ளி) மூன்று, நான்காம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். "வாய்ப்பாடே வரலை, இதுங்களுக்கு எதுக்கு டீச்சர் ரோபோ?" என்று பெற்றோர் கூட்டத்தில் ஓர் அப்பா கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் எழுதுகிறேன்.

கோவையில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன வருஷம் தேனீ வடிவில் ஒரு சின்ன ரோபோ வாங்கித் தந்தார். பிள்ளைகள் அதற்கு வண்டு என்று பேர் வைத்துவிட்டார்கள். முதுகில் முன்னே, பின்னே, இடம், வலம் என்று பட்டன்கள். வரிசையாக அழுத்திவிட்டு 'போ' பட்டனைத் தட்டினால், சொன்னபடியே நகரும். ஒரு நகர்வுக்கு 15 செ.மீ.; திரும்பினால் 90 டிகிரி.

தரையில் சாக்பீசால் கட்டம் போட்டு, ஒரு மூலையை வேலந்தாவளம் சந்தை என்றேன். வண்டு தக்காளி கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு பையன் அதற்கு எதிரே உட்கார்ந்து பட்டனை அழுத்தினான். அவன் நினைத்ததற்கு நேர்மாறாகத் திரும்பிச் சுவரில் முட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தவன், எழுந்து வண்டுக்குப் பின்னால் போய் நின்று, தானே அந்த வழியில் நடந்து பார்த்தான். "டீச்சர், வண்டோட சோத்தாங்கை இந்தப் பக்கம்!" என்று கத்தினான். நோட்டில் சிவப்பு மையால் தப்புப் போட்டால் அன்று முழுக்க வாய் திறக்காத பையன் அவன். அன்றைக்கு நாலு தடவை தப்பாகியும் ஐந்தாவது தடவை அவனே கேட்டு வாங்கினான்.

இன்னொரு நாள் ஒரு மீட்டர் தள்ளிக் கோடு போட்டேன். எத்தனை தடவை 'முன்னே' அழுத்த வேண்டும்? பதினைந்து பதினைந்தாகக் கூட்டி ஆறு என்றார்கள். ஆறு நகர்ந்து வண்டு நின்றது; கோடு இன்னும் தள்ளி இருந்தது. ஒரு சிறுமி ஸ்கேல் வைத்து அளந்து, "10 செ.மீ. மிச்சம்" என்றாள். கரும்பலகையில் இரண்டு வாரம் சொல்லியும் அவளுக்குப் புரியாத 'மீதி' அதுதான்.

இது புதிய யோசனையும் இல்லை. 1967-ல் அமெரிக்காவில் சீமோர் பாப்பர்ட்டும் கூட இருந்தவர்களும் குழந்தைகளுக்காகவே லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். அதன் கட்டளைக்குத் தரையில் ஊர்ந்த ரோபோவுக்கு ஆமை என்று பேர்.

கேரளத்தில் 2025 முதல் பத்தாம் வகுப்பு ஐ.சி.டி. என்ற தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் ரோபோட்டிக்ஸ் வந்துவிட்டது. பள்ளிகளின் தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் கைட் என்ற மாநில அரசு நிறுவனம் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ரோபோ கிட்டுகளும் கொடுத்திருக்கிறது. மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் தூரமும் திசையும் கையில் பிடிபடுகிற வயசு எட்டும் ஒன்பதும். கணக்கு என்றாலே பயம் ஒட்டிக்கொள்வதும் அதே வயசில்தான். பத்தாம் வகுப்பு வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

பள்ளிக்கு ஒரு ரோபோ வேண்டும் என்று கூடக் கேட்கவில்லை. பக்கத்துப் பள்ளிகளுக்கு உதவும் ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் (பி.ஆர்.சி.) நாலைந்து வாங்கி வைத்து, பள்ளிகளுக்கு வாரம் ஒன்றாகச் சுற்றுக்கு விடட்டும். மற்ற வாரங்களில் ஒரு பிள்ளையே ரோபோவாக நின்று, இன்னொரு பிள்ளை எழுதித் தரும் கட்டளைப்படி நடக்கலாம். சார்ஜ் தீர்ந்த நாளில் எங்கள் வகுப்பில் அப்படித்தான்.

எங்கள் வண்டோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்ததால், பயிற்சிகளைத் தமிழில் அட்டைகளாக எழுதி வைத்திருக்கிறேன். எந்தப் பள்ளி கேட்டாலும் நகல் எடுத்துத் தருகிறேன்.

– ஓர் எல்.பி. பள்ளி ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்