விழுந்தது ஏன் எண்டதோட செய்தியை முடிச்சுப்போடாதேங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் கிளிநொச்சி இரணைமடுக் குளத்திலை வலை போடுற ஆள். போனிலை தமிழ் தட்டத் தெரியும் எண்ட துணிவிலைதான் இதை எழுதுறன், பிழை இருந்தா திருத்திப்போடுங்கோ. உங்கட பேப்பர் எண்டில்லை, எந்தப் பேப்பரை எடுத்தாலும் ஒரு பிளேனோ ஹெலியோ விழுந்தா அடுத்த நாள் ஒரு வரி வரும், "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படுகிறது" எண்டு. பிறகு விசாரணைக்குழு போட்டாச்சு எண்டு ஒரு செய்தி. அந்தக் குழு என்னத்தைக் கண்டுபிடிச்சது எண்டு தேடினா ஒரு மூலைக்கையும் இராது.

உனக்கேன் இந்தக் கவலை எண்டு கேப்பியள். எங்கட குளத்துக்குப் பக்கத்திலை விமானப்படையின்ர ஓடுபாதை இருக்கு, விடியக்காலமை வலை இழுக்கேக்கை ஹெலி தலைக்கு மேலாலை போகும். (எங்கட வயசு ஆக்களுக்கு அந்தச் சத்தம் கேட்டா இப்பவும் கால் தானா பங்கரைத் தேடும், அது வேற கதை.) இப்ப தேத்தண்ணிக் கடையிலை கதை என்னெண்டா இஞ்சையும் பயணிகள் பிளேன் வந்து இறங்கினா நல்லம் எண்டு. நல்லம்தான், நான் வேண்டாம் எண்டு சொல்ல வரேல்லை. ஆனா தண்ணிக்கரை ஓடுபாதையளிலை முந்தி என்ன நடந்தது எண்டு ஆராவது ஒருக்காப் பாத்தவையோ?

தான்சானியாவிலை புகோபா எண்டு ஒரு சின்ன ஊர், விக்டோரியா ஏரிக்கரையிலை இருக்கு. 2022 நவம்பர் 6 காலமை பிரிசிஷன் எயார் கம்பனியின்ர ஏரிஆர் 42 பிளேன் ஒண்டு 43 பேரோட அங்கை இறங்க வந்தது, மழையும் முகிலுமாக் கிடந்த நேரம், ஓடுபாதைக்குக் கிட்ட வந்து ஏரிக்குள்ளை விழுந்திட்டுது. வால் மட்டும் தண்ணிக்கு மேலை தெரிஞ்சுது. முதல் போனது ஆர்? மீன்பிடிகாரர். மஜாலிவா ஜாக்சன் எண்ட பொடியன் துடுப்பாலை பின்கதவை அடிச்சுத் திறந்ததாச் சொன்னவன், அந்தக் கதவாலை சனம் வெளியாலை வந்தது, பிறகு பைலட்மாரை எடுக்கப் போய் அவனும் அடிபட்டு மயங்கி ஆஸ்பத்திரியிலைதான் கண் முழிச்சவன். 24 பேர் தப்பினவை, 19 பேர் செத்துப்போச்சினம், ரெண்டு பைலட்மாரும் அதுக்குள்ளை. மீட்பு கெதியா நடந்திருந்தா இன்னும் கனபேர் தப்பியிருப்பினம் எண்டு ஆரம்ப விசாரணை அறிக்கையிலையே எழுதிக் கிடக்கு.

இப்ப மற்றதைப் பாருங்கோ. 2009 ஜனவரி 15, நியூயோர்க். காட்டு வாத்துக் கூட்டம் அடிச்சு ரெண்டு எஞ்சினும் நிண்டுபோன பிளேனை பைலட் ஹட்சன் ஆத்திலை இறக்கினவர். 155 பேர், ஒருத்தரும் சாகேல்லை. எல்லாரும் பைலட்டைத்தான் புகழுவினம், புகழத்தான் வேணும், ஆனா அந்த ஆத்திலை ஆக்களை ஏத்திப் பறிக்கிற படகுகள் ஓடிக்கொண்டு இருந்தது, சில நிமிசத்திலை முதல் படகு பக்கத்திலை வந்திட்டுது. மாரிக் குளிர்த் தண்ணி, அரை மணித்தியாலம் சுணங்கியிருந்தா கணக்கு மாறியிருக்கும். அப்ப ஏன் விழுந்தது எண்டது ஒரு கேள்வி, விழுந்தாப்பிறகு ஏன் செத்தது எண்டது வேற கேள்வி. ரெண்டையும் ஒரே கோளாறுக்குள்ளை போட்டுக் கட்டக்கூடாது.

சரி, ஏன் விழுகுது? பறவையிலை இருந்து வாறன், எனக்குத் தெரிஞ்ச விசயம் அதுதான். காலமை ஆறு மணிக்கு எங்கட குளக்கட்டிலை வந்து நிண்டு பாருங்கோ. நீர்க்காகம் தண்ணியை ஒட்டி ஒரு கறுத்தக் கயிறு இழுத்த மாதிரிப் போகும். கூழைக்கடா அப்பிடியில்லை, பாரமான உடம்பு, தண்ணிக்கு மேலாலை காலாலை தத்தித் தத்தி ஓடித்தான் எழும்பும், எழும்பினாப்பிறகும் டக்கெண்டு திரும்ப ஏலாது. வயல் உழுற காலத்திலை ரக்டருக்குப் பின்னாலை கொக்கு நூறு நூறா நிக்கும். இரவு குளத்திலை படுத்து பகல் வயலிலை சாப்பிடுற சீவன்களுக்கு நடுவிலை ஓடுபாதை இருந்தா அதுக்குக் குறுக்காலைதான் போகுங்கள். பெரிய பறவைதான் வேணும் எண்டும் இல்லை. 1960 ஒக்ரோபரிலை பொஸ்டனிலை கிளம்பின பிளேன் ஒண்டை விழுத்தினது மைனா இனத்துச் சின்னக் குருவிக் கூட்டம், எஞ்சினுக்குள்ளை போய் 72 பேரிலை 62 பேர் போச்சினம். இதிலை எங்கட பிழையும் இருக்கு, மீன் வெட்டின குடலைக் கட்டிலையே கொட்டிப்போட்டுப் போறம், காகமும் பருந்தும் வராமல் என்ன செய்யும்?

அடுத்தது இருட்டு. அமாவாசை இரவிலை குளத்து நடுவிலை நிண்ட ஆளுக்கு இது விளங்கும். ஒருக்கா ரோச் பற்றரி இறங்கிப்போச்சு, தண்ணி எது வானம் எது எண்டு தெரியேல்லை, நேராப் போறன் எண்டு நினைச்சு வலிச்சு வலிச்சு கடைசியிலை கிளம்பின கரையிலையே வந்து முட்டினன். வள்ளத்திலை எண்டபடியால் சிரிச்சுப்போட்டு வீட்டை வந்தன். 2016 டிசெம்பர் 29 இரவு அமெரிக்காவிலை கிளீவ்லாந்து நகரத்து ஏரிக்கரை ஓடுபாதையிலை இருந்து ஒரு சின்ன ஜெட் கிளம்பினது, 6 பேர். ஈரி ஏரிக்கு மேலாலை திரும்பேக்கை கீழை ஒரு வெளிச்சமும் இல்லை, ஆள் மேலை போறாரோ கீழை போறாரோ எண்டு உடம்பு பொய் சொல்லும். தானாப் பறக்கிற சிஸ்டம் வேலை செய்யுது எண்டு பைலட் நினைச்சிருக்கிறார், அது போட்டிருக்கேல்லை. களைப்பு வேற. முந்தி ஓட்டின பிளேனிலை அந்த பட்டன் இருந்த விதமும் வேற. எங்கட மோட்டார்சைக்கிள் மாதிரித்தான், எல்லாக் கியரும் கீழை மிதிச்சுப் பழகினவனிட்டை ஒண்டு கீழை மிச்சம் மேலை எண்டு ஒண்டைக் குடுத்தா அவசரத்துக்குக் கால் பழைய பக்கம்தானே போகும். ஒருத்தரும் தப்பேல்லை. பிளேனிலை ஒரு கோளாறும் இல்லை.

2023 ஜனவரியிலை நேபாளத்திலை பொக்கறாவிலை 72 பேர் செத்ததும் அப்பிடித்தான், இறங்கேக்கை செட்டையின்ர பின்பலகையை நீட்டுற ஃப்ளாப் தடியைத் தள்ளுறதுக்குப் பதிலா பக்கத்துத் தடியளை இழுத்து ரெண்டு காத்தாடியும் இழுவை இல்லாமல் போச்சு. பிளேன் நல்லாத்தான் இருந்தது. இதுகளைப் போய் தொழில்நுட்பக் கோளாறு எண்டு எழுதுவியளோ?

எங்கட நாட்டிலையும் 2025 மே 9 மாதுறுஓயா நீர்த்தேக்கத்துக்குள்ளை விமானப்படை பெல் 212 ஹெலி விழுந்து 12 பேரிலை 6 பேர் செத்தவை. அதே வருசம் நவம்பர் 30, புயல் வெள்ளத்துக்கு உதவிக்குப் போன இன்னொரு பெல் 212 லுணுவிலவிலை ஆத்துப் பக்கம் விழுந்து பைலட் போனார். குளம், ஆறு, வெள்ளம், இந்த நாட்டிலை எங்கை விழுந்தாலும் தண்ணிதான்.

என்ர மச்சான் இதே மாதிரிக் குளம் ஒண்டிலை காத்துக்கு வள்ளம் பிரண்டு செத்தவர், பிளேனும் இல்லை ஒண்டும் இல்லை, கரையிலை இருந்து கூப்பிடு தூரம். நாங்கள் போன் அடிச்சம், ஓமோம் வாறம் எண்டவை, வந்து சேர ரெண்டு மணித்தியாலத்துக்கு மேலை. வந்தவை முதல் கேட்ட கேள்வி "உங்களிட்டை வள்ளம் இருக்கோ" எண்டு. அவையின்ர வாகனத்திலை ஒரு லைஃப் ஜக்கெற்றும் ஒரு கயிறும் இருந்தது, அந்தக் கயிறும் தேங்காய் கட்டுற கயிறு மாதிரி. ஆர் வந்தவை எண்டு இஞ்சை எழுதேல்லை, எழுதி என்ன காண?

தண்ணிக்குப் பக்கத்திலை ஓடுபாதை இருந்து, பிளேன் ஏறி இறங்கிற பாதை தண்ணிக்கு மேலாலை எண்டா, அதுக்கேத்த மீட்பு ஆக்களும் சாமானும் இருக்க வேணும் எண்டு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின்ர விமான நிலைய விதிகளிலையே, 14ஆம் இணைப்பு எண்டுறதிலை, இருக்கு. இரணைமடுவிலை நாளைக்கு எதை இறக்கினாலும் முதல் அதைச் செய்யட்டும். குளத்திலை எந்த இடத்திலை பட்டமரம் நிக்குது, எவ்வளவு தண்ணிக்கு எந்தப் பக்கம் வள்ளம் போகும் எண்டு எங்களுக்குத் தெரியும். மூண்டு நாலு வள்ளத்துக்கு எஞ்சினும் ஒழுங்கான கயிறும் தந்து, கதவை எப்பிடி வெளியாலை இருந்து திறக்கிறது எண்டு பொடியளுக்குக் காட்டி விட்டாக் காணும். அந்த லைஃப் ஜக்கெற்றைப் பிளேனுக்குள்ளை வைச்சே ஊதக்கூடாது எண்டதும் எங்கட சனத்துக்குச் சொல்லோணும், 1996இலை கடத்தின எத்தியோப்பியன் பிளேன் எண்ணெய் முடிஞ்சு கொமோரோஸ் கடலிலை விழேக்கை உள்ளுக்கை ஊதின ஆக்கள் கூரையோட ஒட்டுப்பட்டு வெளியாலை வர ஏலாமல் செத்தவை.

உங்களிட்டை ஒண்டுதான் கேக்கிறன் ஐயா. அடுத்த முறை தண்ணிக்குள்ளை எதாவது விழுந்த செய்தி போடேக்கை, முதல் வள்ளம் எத்தினை நிமிசத்திலை போனது, அது ஆரின்ர வள்ளம் எண்டு உங்கட நிருபரைக் கேட்டு ஒரு வரி போடுங்கோ.

இப்படிக்கு,
குளத்தடி வாசகன்,
கிளிநொச்சி.

பி.கு: மீன் குடல் விசயத்துக்கு எங்கட சங்கத்திலை எனக்குப் பேச்சு விழும், அதாலைதான் பேர் போடேல்லை. வெட்டாமல் போடுங்கோ.